நவாஸின் அடிவயிறு

எங்கள் காயல்பட்டினத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பிறந்த வீடு அக்கா தங்கச்சிக்குப் போய்விடும். கல்யாணம் ஆனதும் பெண்டாட்டி வீட்டில் போய் மாப்பிள்ளையாக உட்கார வேண்டும். அப்புறம் மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட ஆரம்பிக்க வேண்டும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நவாஸ் இதையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்தவன். தங்கச்சிக்குக் கட்டினான். மனைவி சுலைஹாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டினான். மகள் ஹிபாவுக்கு அதன் மேலே மாடி கட்டினான். எல்லாம் சவூதியில், தம்மாமில், ஒரு ஏ.சி. கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்தபடியே கட்டியது. கான்கிரீட் போட்ட அன்று ஒருதடவைகூட அவன் ஊரில் இருந்ததில்லை.

நான் பஜாரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் என்னைக் குடும்பப் பெயரைச் சொல்லி வாவு என்றுதான் கூப்பிடுவார்கள். நவாஸ் போனதற்கும் வந்ததற்கும் டிக்கெட் போட்டவன் நான்தான். போன வருஷம் கடைசியாக ஒன்று போட்டேன், ஒருவழி டிக்கெட். வந்து இறங்கியவன் நேராக என் கடைக்கு வந்து, "இனிமே போவ மாட்டேன்லே வாவு. போதும்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அறுபதை நெருங்கும் ஆள், பரீட்சை முடிந்த பையன் மாதிரி நின்றான்.

லீவில் வருகிறவனை எங்கள் ஊர் ராஜா மாதிரி நடத்தும். முதல் மாதம் விருந்து, இரண்டாம் மாதம் விருந்து, அதற்குள் கிளம்பிவிடுவான். கிளம்பாதவனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. சுலைஹா நல்ல பெண். ஒரு முகச்சுளிப்பு காட்டியிருக்க மாட்டாள். ஆனால் அந்த வீடு அவன் இல்லாமல் நடந்து பழகிய வீடு. காலையில் இடியாப்பம் பிழிவதிலிருந்து கேஸ் சிலிண்டர் மாற்றுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருந்தது. அவன் எழுந்து ஒரு நாற்காலியை நகர்த்தினால்கூட, "நீங்க உக்காருங்கோ, நாங்க பாத்துக்கிடுதோம்" என்பார்கள்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த முன்கட்டு ஆண்களுக்கு. ஒரு ஹால், சோபா, மேலே ஒரு ஃபேன். உள்ளே இருக்கும் பெரிய ஹால் பெண்களுக்கு. அதற்குப் போக வீட்டின் பக்கவாட்டில் ஒரு முடுக்கு உண்டு. குறுகிய சந்து, பெண்கள் மட்டும் நடப்பது. பக்கத்து வீட்டு மாமி, எதிர்த்த வீட்டு மச்சி, சுலைஹாவின் ஒன்றுவிட்ட தங்கச்சிகள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள், காலையிலிருந்து மாலை வரைக்கும் யாராவது ஒருத்தி உள்ளே இருப்பாள். அந்த ஹாலைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, கடைசியில்தான் கழிப்பறை. இத்தனை வீடு கட்டிய மனுஷன் அந்தப் பிளானை மட்டும் கவனிக்கவில்லை.

ஆக நவாஸுக்கு மூத்திரம் வந்தால் உள்ஹாலைக் கடக்க வேண்டும். அந்நிய ஆண் வருகிறான் என்றால் பெண்கள் எழுந்து உள்ளறைக்குப் போக வேண்டும். இதற்கு எங்கள் ஊர் வழக்கம், ஆண்பிள்ளை நடைவாசலில் நின்று ஒரு செருமல் செருமுவது. உள்ளே இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் முன்கட்டில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை செருமினால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று சுலைஹா நினைத்துக்கொண்டாள். இவன் செருமுவான், உள்ளேயிருந்து டீ வரும். வந்த டீயைத் திருப்பி அனுப்ப இவனுக்கு மனசு வராது, குடித்துவிடுவான். அடுத்த அரைமணியில் இன்னும் மோசம்.

அதற்குமேல் வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வரவில்லை. முழங்கால் வலிக்காரிகள் நாலுபேரை எழுப்பி நிறுத்திவிட்டு, தான் எதற்குப் போகிறோம் என்று அத்தனை பேருக்கும் தெரிய நடந்துபோவது அவனால் முடியவில்லை. வயசானால் அடிக்கடி வரும், போனாலும் பாதிதான் போகும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் முட்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவர்களை எழுப்பலாம், பத்துத் தடவை எழுப்ப முடியுமா? ராத்திரியும் அதே கதைதான். சுலைஹாவின் லாத்தா, அதாவது அக்கா, விதவை, உள்ஹாலில்தான் படுப்பார். அவரைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு விடியும்வரை புரண்டுகொண்டு கிடப்பான்.

அதனால் அவன் தண்ணீரைக் குறைத்தான். அப்புறம் பள்ளிவாசலைப் பிடித்தான். பள்ளியில் வரிசையாகக் கழிப்பறை உண்டு, யாரையும் எழுப்ப வேண்டாம். தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடுவான். தொழுகை முடிந்து எல்லோரும் போனபிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான். ஊரில் பேர் கெட்டிப்பட்டுவிட்டது. "நவாஸ் காக்காவப் பாருங்க, சவூதியில இருந்து வந்ததும் முழுசா தீன்ல எறங்கிட்டாங்க" என்று இளவட்டங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், மார்க்கத்தைத் தீன் என்போம். நானும் கிண்டல் செய்தேன்.

"என்னலே, இமாமுக்கே நீதான் கதவு தொறந்து விடுதியாமே?"

"சும்மா இருலே" என்பான், சிரிப்பான்.

அந்தச் சமயத்தில்தான் அடிவயிற்றில் ஒரு சங்கடம் ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது. தொப்புளுக்குக் கீழே ஒரு கனம். உட்கார்ந்தால் ஒரு மாதிரி, நடந்தால் ஒரு மாதிரி. வாரம் போய் மாதம் ஆயிற்று, அது போகவில்லை. நவாஸ் யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே வைத்தியம் பார்த்தான். முதலில் கேஸ் என்று முடிவு கட்டினான், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டான். பிறகு ஆட்டுக்கறியை நிறுத்தினான். பிறகு மலச்சிக்கல் என்று வாழைப்பழம், கொய்யாப்பழம். பிறகு ஸ்டோரில் சுமையும் தூக்கிய உடம்பு, குடலிறக்கமாக இருக்கும் என்று வேட்டியை இறுக்கிக் கட்டினான். நோன்பு மாதம் மட்டும் நிம்மதியாக இருந்ததாம், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லையே. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

அவனுக்குள் ஒரு பயமும் இருந்திருக்கிறது. தம்மாமில் அவனோடு ஒரே ரூமில் பெரியதாழைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இப்படித்தான், அடிவயிற்றில் ஒரு மாதிரி என்று ஆரம்பித்தது. கடைசியில் குடலில் புற்று. பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். அந்தப் பெட்டியோடு கூட வந்தவன் நவாஸ். அவர் சம்சாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தவன். சுலைஹாவிடம் சொன்னால் அவளும் அப்படி அழுவாள் என்று வாயை மூடிக்கொண்டான்.

ஒருநாள் கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். கொஞ்சநேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

"வாவு, ஒரு விசா கெடைக்குமா? டிரைவரோ வாட்ச்மேனோ, என்னமும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒனக்கு என்னலே பேராச? மகளுக்கும் முடிச்சாச்சு, மருமவன் அனஸு துபாயில சம்பாரிக்கான். இன்னும் யாருக்கு வீடு கட்டப் போற?"

"வீடு கட்டதுக்கு இல்ல."

"பின்ன?"

மேஜையில் கிடந்த என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினான். "அங்கன ரூம்ல என் கட்டிலுக்கு நேரா பாத்ரூம் இருந்திச்சிலே" என்றான். நான் அதைக் கிறுக்குத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வயசில் எவனும் விசா கொடுக்க மாட்டான் என்று சொல்லி டீ வரவழைத்தேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டான்.

மௌலூது மாதம் வந்தது. நபிகளின் புகழைப் பெண்கள் கூடி ஓதும் முறை அன்று சுலைஹா வீட்டில். காலையிலிருந்தே முடுக்கு வழியாகப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். உள்ஹால், சமையற்கட்டு, மாடிப்படி எங்கும் பெண்கள். ஓதும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. முன்கட்டில் நவாஸ் தனியாக இருந்தான். செருமிப் பார்ப்பதற்கெல்லாம் வழியே இல்லை. பள்ளிக்குப் போனான். அங்கே மோட்டார் எரிந்து தண்ணீர் இல்லை, கழிப்பறைகளைப் பூட்டியிருந்தார்கள். என் கடை மாடியில் பொதுவாக ஒரு கழிப்பறை உண்டு. அங்கே வந்து ஏறினான். நான் கீழேயிருந்து பார்த்தேன், ஏறியவன் இறங்கவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னலே ஆச்சு?"

"வர மாட்டேங்குதுலே. முட்டுது, வர மாட்டேங்குது."

கதவைத் திறந்தான். சட்டையெல்லாம் வேர்வை, முகம் வெளுத்துப்போயிருந்தது. வயிறு உப்பி இறுகியிருந்தது. அவனைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினேன். "சுலைஹாகிட்ட சொல்லவா?" என்றால் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓதிட்டு இருக்காங்க. எழுப்பாத" என்றான். அந்த நிலையிலும் எழுப்பக் கூடாதாம். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

ஆறுமுகநேரி தாண்டி, முக்காணிப் பாலம் ஏறினால் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. நவாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'யா அல்லாஹ்' என்றான். முள்ளக்காடு உப்பளத்தைத் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "வாவு, இது அந்த நோவுதான்லே. பெரியதாழைக்காரருக்கு வந்ததுதான்" என்று அவன் அழ ஆரம்பித்தான். எத்தனை மாதமாக இதை வைத்துக்கொண்டு இருந்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு பெண். ஜெயபிரியா என்று கோட்டில் பேர் இருந்தது. நவாஸ் அவரைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டான். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், மாரிராஜ் என்ற ஆண் நர்ஸைக் கூப்பிட்டார், வெளியே போனார். மாரிராஜ் டியூப் போட்டான். "பாய், மூச்ச நல்லா இழுத்து விடுங்க, அவ்வளவுதான்" என்றான். பை நிறைய நிறைய நவாஸின் முகம் தளர்ந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த மனுஷன் முகத்திலும் பார்த்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்து கேள்விகளை ஆரம்பித்தார். எத்தனை மாதமாக, ராத்திரி எத்தனை தடவை, எரிச்சல் உண்டா, ரத்தம் போனதா, எடை குறைந்ததா, மலம் ஒழுங்காகப் போகிறதா.

"அடிவயிறுன்னா ஒரே ஒரு சாமான் இல்ல பாய். குடல் இருக்கு, குடல்வால் இருக்கு, மூத்திரப்பை இருக்கு. மலச்சிக்கலுக்கும் கனக்கும், எறக்கத்துக்கும் கனக்கும், கல்லுக்கும் கிருமிக்கும் கனக்கும். நீங்களா கேஸுன்னு முடிவு பண்ணிட்டு மாத்திர போட்டா எப்படி? மாசக்கணக்கா போகலன்னா வந்து காட்டணும்ல?"

ஸ்கேன் எடுத்தார்கள். ப்ராஸ்டேட் பெரிதாகி வழியை நெருக்குகிறது, மூத்திரப்பையில் தேங்கித் தேங்கிக் கல்லும் விழுந்திருக்கிறது என்றார். புற்று மாதிரித் தெரியவில்லை, ஆனாலும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுவோம் என்றார். நவாஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"இது வயசானா வர்றதுதான். ஆனா நீங்க அடக்கி அடக்கி, தண்ணியும் குடிக்காம இருந்து கெடுத்துட்டீங்க. ஏன் அடக்குனீங்க? வாட்ச்மேன் வேலையா?"

"இல்லம்மா. வீட்ல பொம்பளைங்க இருப்பாங்க. கடந்து போவணும்."

"எந்த வீட்ல?"

"எங்க வீட்டம்மா வீட்ல."

"சரி, அப்போ உங்க வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

டாக்டர் வேற்றூர்க்காரர், அவர் மேல் தப்பில்லை. நவாஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். 

சாயந்திரம் சுலைஹாவும் ஹிபாவும் வந்து சேர்ந்தார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன், கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. சுலைஹா முதலில் அழுதாள். அப்புறம் கோபப்பட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்க எந்திரிச்சிப் போவ மாட்டோமா?"

"எத்தன தடவ எந்திரிப்பீங்க? மாமிக்கு முட்டி வலி."

"மாமி முட்டி வலிய நீங்க எதுக்குச் சொமக்கீங்க? செருமுனா போதுமே."

"செருமுனேன்."

"எப்போ?"

"தெனமும்தான். நீ டீ கொண்டாந்த."

 ஹிபா களுக்கென்று சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். சுலைஹா சிரிக்கவில்லை. "அத்தன டீயும் குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு அன்று மனசு லேசாகிவிட்டது. எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி இவன் அந்த வீட்டில் கால் நீட்டி உட்காருவான் என்று நினைத்தேன்.

கல்லை எடுத்தார்கள், நெருக்கத்தையும் சரிசெய்தார்கள். டெஸ்டில் புற்று இல்லை என்று வந்தது. ஆள் தேறிவிட்டான், தண்ணீர் பாட்டிலோடு தெருவில் நடந்தான். பள்ளிக்கு மற்றவர்கள் மாதிரி பாங்கு சொன்ன பிறகு போனான். ஊர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், காக்காவின் ஈமான் குறைந்துவிட்டதே, இறைநம்பிக்கை தளர்ந்துவிட்டதே என்று.

நானும் அடுத்த ஹஜ்ஜுக்கான பதிவு வேலையில் மாட்டிக்கொண்டு சிலநாள் அவனைப் பார்க்கப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போனேன். முன்கட்டில் ஒரு மூலையை மறைத்துப் புதிதாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

"பாத்தியாலே?" என்று நவாஸ் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வழவழவென்று டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, சுடுதண்ணிக்கு ஹீட்டர். சுலைஹா தானே நின்று கொத்தனாரை விரட்டி விரட்டிக் கட்டினாளாம். அவனுக்கு முழங்கால் மடங்கக் கூடாது என்று உயரம் பார்த்து வாங்கினாளாம். பெருமையாகத்தான் சொன்னான். நானும் நன்றாயிருக்கிறது என்றேன். அந்தத் தெருவில் யார் வீட்டு முன்கட்டிலும் இப்படி ஒன்று இல்லை.

திரும்பும்போதுதான் சோபா இருந்த இடத்தில் கட்டில் கிடப்பதைப் பார்த்தேன். மேலே அவன் தலையணை, போர்வை. பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, மருந்து, தண்ணீர், மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு.

"இங்கனயா படுக்க?"

"ஆமா. ராத்திரி எழும்ப வசதி. அவளுக்கும் தூக்கம் கெட வேண்டாம்லா. சோறும் இங்கனயே வந்துருது. ஒரு தொந்தரவும் இல்ல."

"உள்ள போவியா?"

யோசித்தான். நான் ஏதோ கஷ்டமான கணக்குக் கேட்ட மாதிரி யோசித்தான். "எதுக்குப் போவணும்?" என்றான். கேட்டுவிட்டு, அந்தக் கேள்வி தனக்கே பிடிக்காதது போலக் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடிக்க ஆரம்பித்தான். உள்ளே பெண்கள் எதற்கோ கூட்டமாகச் சிரித்தார்கள். அவன் மடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் காது கொடுத்தான். சிரிப்பு அடங்கியதும் மறுபடி மடித்தான்.

 வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நடைக் கதவுக்குப் பின்னாலிருந்து சுலைஹாவின் குரல் கேட்டது. நான் கிளம்புவதற்காகவே காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"காக்கா, அவங்க உங்ககிட்டயாவது சொல்லுவாங்க. இப்போ அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லல்லா?"

கேட்டவள் அவ்வளவு பாசமாகக் கேட்டாள். நானும் இரண்டு தெரு தள்ளி ஒரு முன்கட்டில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைதான், எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"இல்லம்மா. ஒரு கஷ்டமும் இல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.